ஐப்பசிப் பௌர்ணமிக்கு லாட்ஜைப் பூட்டினோம்

விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஐந்து மணிக்கும் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். காரணம், கேட். திருவண்ணாமலையில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், பதினோரு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜ் ஒன்றை நானும் என் கணவர் பாஸ்கரும் நடத்துகிறோம். நாங்கள் குடியிருப்பதும் அதன் மாடியில்தான். லாட்ஜ் என்றால் இரவு பகல் என்று கிடையாது, எப்போதும் திறந்தே இருக்கும். அதனால் வாசலில் இருக்கிற மடக்கு இரும்பு கேட்டை யாரும் இழுத்து மூடியதாகவே எங்களுக்கு ஞாபகமில்லை. பெயின்ட் அடிக்க வந்தவர்களும் அது மடங்கியிருந்தபடியே அடித்துவிட்டுப் போனதில், கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாஸ்கர் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். கடைசியில் சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். முக்கால்வாசி வந்தது. மீதி இடைவெளிக்கு ஒரு சங்கிலியைச் சுற்றி, முந்தின நாள் கடையில் வாங்கிய புதுப் பூட்டை மாட்டினார்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பவித்ரா, முதுகில் பையோடு தெரு விளக்கின் கீழே நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்று அவர் எந்த நிமிஷமும் சொல்லிவிடுவார் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

பயம் வராமல் என்ன செய்யும்? கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஏற்காட்டுக்கு நானும் அவளும் போனோம். புதுச்சேரிக்கு அவளும் அவரும் போனார்கள். யாராவது ஒருவர் கவுன்டரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். மூவரும் சேர்ந்திருக்கிற போட்டோ எல்லாவற்றிலும் பின்னால் சாவி மாட்டுகிற பலகை தெரியும். இந்த வருஷம் ஆடி மாதத்தில் வெளியூர்ப் பேச்சு வந்தபோது, அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தீம் பார்க் போகணும். மூணு பேரும். ரெண்டு பேர்தான்னா நான் வரல, நீங்களே போயிட்டு வாங்க."

அடம் பிடிக்கிற பெண்ணாக இருந்தால் சமாளித்துவிடலாம். இவள் அடம் பிடிப்பவள் அல்ல. சாதாரணமாக, பருப்பில் உப்பு கம்மி என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எந்த மாதம் போவது என்று பார்க்க ஆரம்பித்தோம். பவித்ரா போனில் தேடினாள். தீம் பார்க்குக்கு இலையுதிர் காலம்தான் ஏற்றது, அக்டோபரில் இதமான குளிர் இருக்கும், மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எவனோ எழுதியிருந்தான். எங்கள் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். அக்டோபரில் கொட்டுவது மழை. ஸ்வெட்டர் என்கிற பொருளே எங்கள் வீட்டில் கிடையாது. இருந்தாலும் அவன் சொன்ன காலத்தை எங்கள் கணக்குக்கு மாற்றினால் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று மூன்று மாதம் வந்தது. அதிலிருந்து ஒன்றைப் பொறுக்க வேண்டும்.

புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை. அது முடிந்தால் விடுமுறை, விடுமுறை விட்டால் நாடே கிளம்பிப் பாதி பார்க்குக்கும் மீதி எங்கள் ஊருக்கும் வந்துவிடும். அதோடு புரட்டாசி வெயில் சித்திரைக்குச் சளைத்ததல்ல. கார்த்திகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தீபம் வருகிற மாதத்தில் ஊரை விட்டு வெளியே போகிற திருவண்ணாமலைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆக, மிஞ்சியது ஐப்பசி. மழை மாதம்தான், ஆனால் எங்கள் பக்கத்து ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் சீக்கிரம் போனால் தப்பிக்கலாம்.

ஐப்பசியில் எந்த நாள்? இங்கேதான் நான் ஒரு யோசனை சொன்னேன். பௌர்ணமியன்றே பூட்டிவிடலாம் என்றேன். பாஸ்கர் என்னை, மலையை விற்றுவிடலாம் என்று சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். மலை சுற்ற வருகிறவர்களால் லாட்ஜ் நிரம்பி வழிகிற நாள் மாதத்தில் அது ஒன்றுதான். ஆனால் நான் சொன்னதில் நியாயம் இருந்தது. சாதாரண நாளில் யார் எப்போது பையோடு வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளே ஏற்கெனவே இரண்டு மூன்று அறைகளில் ஆள் இருக்கும், அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூட்ட முடியுமா? பௌர்ணமிக்கு வருகிறவர்களோ வழக்கமான ஆட்கள். போன மாதமே சொல்லிவைத்துவிட்டுப் போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இந்த ஒரு மாதம் மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றால் முடிந்தது. எங்கள் தொழிலில் மரியாதையாகப் பூட்ட முடிகிற ஒரே நாள் பௌர்ணமிதான்.

மூன்றாம் நாள் காலையில், பாஸ்கர் முழுக்கத் தன்னுடைய யோசனை போல வந்து சொன்னார்: "சுமதி, பௌர்ணமியன்னிக்கு மெட்ராஸ்ல பாதிப்பேரு நம்ம ஊர்ல இருப்பாங்க. அப்ப பார்க்ல யாரு இருப்பா? கூட்டமே இருக்காது. நாம பாட்டுக்கு ஏறி ஏறி எறங்கலாம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பிறவிக் குணம். கூட்டம் என்றாலே எங்களுக்கு நிலாதான் ஞாபகம் வரும். புடவைக் கடைக்குப் போகிறோமா, பாங்குக்குப் போகிறோமா, பல் டாக்டரிடம் போகிறோமா, பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். உலகத்தின் கூட்டமெல்லாம் எங்கள் காலண்டரைப் பார்த்துத்தான் நகர்கிறது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. நானும் தலையாட்டினேன். பவித்ரா மட்டும் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டபடி குனிந்தே இருந்தாள்.

வழக்கமான விருந்தாளிகளை நாங்கள் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். பெரம்பூர் சார், ஓசூர் அம்மா, குடியாத்தம் அக்கா. எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. குடியாத்தம் அக்காவின் எண் மட்டும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. போன மாதமும் அவர் வரவில்லை, இந்த மாதமும் வர மாட்டார் என்று பாஸ்கர் விட்டுவிட்டார். அறைகளைச் சுத்தம் செய்கிற இந்திராக்கா பின் தெருவில் குடியிருக்கிறார். லாட்ஜுக்கு லீவு என்றதும் ரொம்ப சந்தோஷப்பட்டவர் அவர்தான். "மலையச் சுத்த வர்றவங்களுக்குப் பெட்ஷீட் மாத்தியே எனக்குக் காலம் போச்சு. இந்தப் பௌர்ணமிக்கு நான் சுத்தப் போறேன்" என்றார். பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது. ஒன்றை இந்திராக்காவிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்றேன். கொடுத்தால் யாராவது கெஞ்சி, இவர் திறந்துவிடுவார் என்று சொல்லி, பாஸ்கர் இரண்டையும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தரைக்குத் திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை பஸ் கிடைத்தது. செங்கல்பட்டுக்கு ஆளுக்கு நூற்றி இருபது ரூபாய். பஸ்ஸில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஊரே உள்ள வருது, நீங்க வெளிய போறீங்க. யாருக்காவது ஒடம்பு சரியில்லீங்களா?"

தீம் பார்க் போகிறோம் என்றார் பாஸ்கர். கண்டக்டர் நம்பவில்லை என்று அவர் முகமே சொன்னது. பாஸ்கருக்கோ, எதிரே வருகிற பஸ் ஒவ்வொன்றும் தன் கட்சிக்கு விழுகிற ஓட்டு. செஞ்சி வருகிற வரைக்கும், அதாவது நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், ஜன்னலுக்கு வெளியே காட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியா, எல்லாம் நம்ம ஊருக்குத்தான் போகுது. பார்க்ல ஈ காக்கா இருக்காது." செஞ்சிக் கோட்டைச் சுவர் இளவெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது. முந்தின வார மழையில் ஏரிகளில் தண்ணீர் நின்றது. சாலையோரத்து வயல்களில் நாற்று பிடித்திருந்தது. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போவது எனக்கே புதுசாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்வார் என்பதுகூட அன்றைக்குத்தான் தெரியும்.

திண்டிவனத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்கிப் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். செங்கல்பட்டில் இறங்கும்போது எட்டரை தாண்டியிருந்தது. அங்கிருந்து ஆட்டோ. டிரைவர் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு வந்தார். பார்க்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை, விளம்பரம் என்று நினைப்பீர்கள். சென்னைக்கு வெளியே இருக்கிற பெரிய பார்க்குகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஆட்டோக்காரரிடமும் பாஸ்கர் தன் கணக்கை எடுத்துச் சொன்னார். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பார்க் வாசலில் ஆட்டோ திரும்பியதும் புரிந்தது. வண்டி நிறுத்துகிற மைதானம் பூராவும் மஞ்சள் பஸ். பள்ளிக்கூட பஸ்கள். ஒன்றிலிருந்து பிள்ளைகள் இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், வாயில் கூச்சல். விசில் ஊதுகிற டீச்சர்கள். பாஸ்கர் ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம், இன்றைக்குப் பௌர்ணமி ஆயிற்றே, இவ்வளவு கூட்டம் ஏன் என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தீபாவளி முடிஞ்சு அரைப்பரீட்சை வர்றதுக்குள்ள எல்லா ஸ்கூலும் டூர் வந்துடுவாங்க சார். இந்த மாசம் ஞாயித்துக்கெழமையவிட வாரநாள்லதான் ஜாஸ்தி" என்றாள். பெரியவர்களுக்கு ஆயிரத்து இருநூறு, பவித்ராவுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது பவித்ரா சொன்னாள்:

"எனக்குத் தெரியும்ப்பா. எங்க ஸ்கூல்லயே எட்டாங்கிளாஸ் அக்காங்க இந்த டைம்லதான் போவாங்க."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

தன் அப்பாவின் தப்புக் கணக்கைத் திருத்தாமல் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள் பன்னிரண்டு வயதுப் பெண். கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொள்ளலாம் என்றால் அவள் விடுவிடுவென்று உள்ளே நடந்துவிட்டாள்.

உள்ளே போன பிறகு நடந்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. பாஸ்கருக்கு அது பிடித்தே இருந்தது. கம்பி வளைத்துப் போட்டிருக்கிற விதம், நிழலுக்குப் போட்ட கூரை, எங்கே தண்ணீர் வைத்திருக்கிறான், எங்கே வைக்க மறந்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். ராட்டினத்துக்கு ஆள் விடுகிறவரிடம் போய், வரிசையை இரண்டாகப் பிரித்தால் சீக்கிரம் நகரும் என்று யோசனையும் சொன்னார். பிள்ளைகள் சத்தம் போடுவதை ரசித்தார். ஆனால் ஏறுகிற இடம் வந்ததும், "பையை நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று வெளியே நின்றுகொண்டார். பெரிய ராட்டினத்தில் நானும் பவித்ராவும். தண்ணீரில் சறுக்கி விழுகிற வண்டியிலும் நானும் பவித்ராவும். வேண்டுமென்று செய்யவில்லை அந்த மனிதர். பதினான்கு வருஷப் பழக்கம், யாராவது ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும் என்று உடம்பிலேயே ஊறியிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகவா கேட்டை எண்ணெய் ஊற்றி இழுத்தோம் என்று கேட்டேன். அடுத்ததில் கட்டாயம் ஏறுகிறேன் என்றார்.

மத்தியானம் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். வீட்டில் கட்டிக்கொண்டு போனதை உள்ளே விடவில்லை, வாசலிலேயே பசித்திருந்த ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம். பார்க் சாப்பாட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை, விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்டு எழுந்தபோது கிழக்கே மேகம் கட்டியிருந்தது. பவித்ரா பெரிய கப்பல் ஊஞ்சலைக் காட்டினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானத்துக்குத் தூக்கி வீசுகிற கப்பல். ஒரு பலகையில் மூன்று பேர் உட்காரலாம். அவள் காலையிலிருந்து அதைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனையும் பையையும் லாக்கரில் வைத்தால்தான் ஏற்றுவார்கள். அதனால் பை பார்க்கிற வேலையும் இல்லை.

நாங்கள் வரிசையில் பாதி தூரம் போயிருப்போம். பாஸ்கர் லாக்கரில் வைக்காமல் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்த போன் அடித்தது. புது எண். எடுத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குடியாத்தம் அக்கா. எண் மாறிப்போனவர். எழுபது தாண்டிய தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறார். பௌர்ணமி மத்தியானத்தில் எங்கள் ஊரில் வேறு அறை கிடைக்காது. சாவி இரண்டும் இங்கே, பாஸ்கரின் சட்டைப்பையில்.

பிள்ளைகள் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று அவர் கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போனார். தூரத்தில் ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார். வைத்தார். வேறு யாருக்கோ போட்டார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். கப்பலுக்கு ஆள் விடுகிற பையன் கயிற்றை அவிழ்த்து எங்களை உள்ளே போகச் சொன்னான்.

பவித்ரா நகரவில்லை. பின்னால் நின்ற பெண்பிள்ளைகளிடம் திரும்பி, "நீங்க போங்க. எங்கப்பா வரணும்" என்றாள்.

அவர்கள் போனார்கள். கப்பல் ஆடி நின்றது. மறுபடியும் எங்கள் முறை. மறுபடியும் அவள் ஒதுங்கிப் பின்னால் இருந்தவர்களை விட்டாள். எத்தனை தடவை அப்படி விட்டாள் என்று நான் எண்ணவில்லை. வானம் இருண்டுகொண்டு வந்தது. தூரத்தில் ஒரு இடி. மின்னல் வந்தால் நிறுத்திவிடுவோம் என்று அந்தப் பையன் சொன்னான். நாம் இரண்டு பேர் மட்டும் ஏறிவிடலாமா என்று பவித்ராவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஐஸ்கிரீம் கடையைத்தான் பார்த்தாள். அங்கே அவர் இல்லை.

அந்த மனிதரை அப்போது நான் மனதுக்குள் என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. பஸ் பிடிக்கப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். போகக்கூடியவர்தான். யாராவது படியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அந்தக் குணத்தின் மேல்தான் எரிச்சல்.

முதல் தூறல் விழுந்தபோது வரிசையின் வால் பக்கம் சலசலப்பு. "தம்பி, கொஞ்சம் வழி விடுங்க, முன்னாடி நிக்குற பொண்ணோட அப்பா நான்" என்று ஒரு குரல். பவித்ரா அப்பாவுக்காகக் காத்திருக்கிற கதை அதற்குள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. சீருடைப் பிள்ளைகள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, "அங்கிளை விடு, அங்கிளை விடு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவரை முன்னால் அனுப்பினார்கள். கையில் போன் இல்லை. லாக்கரில் வைத்துவிட்டு வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

இந்திராக்கா வந்து இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார். அம்மா அங்கேயே படுத்துக்கொள்வார், சாயந்திரம் இந்திராக்காவும் குடியாத்தம் அக்காவும் சேர்ந்தே மலை சுற்றப் போகிறார்கள். நான் மாலைக்குள் வந்துவிடுகிறேன் என்று இவர் சொன்னதற்கு, குடியாத்தம் அக்கா கேட்டாராம்: "குடும்பத்தோடயா போயிருக்கீங்க? நீங்களா? மொதல்ல போனை வச்சுட்டுப் போங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

கப்பலில் பவித்ரா நடுவில். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரும்புக் கம்பி மடியில் வந்து விழுந்ததும் அவள் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். முதல் வீச்சிலேயே பாஸ்கர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூன்றாவதில் திறந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணமாகச் சிரிப்பவர்தான், விருந்தாளிகளிடம். இது வேறே சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. மேலே போய் நிற்கிற அந்த நொடியில் முகத்தில் மழை அடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் வந்தது என்று பவித்ராவிடம் சொன்னேன். சந்தோஷத்தில் வந்தது என்பதை இங்கே சொல்கிறேன்.

நாங்கள் இறங்கியதும் கப்பலை நிறுத்திவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு கூரைக்கு அடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எந்த மாதம் நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால் ஐப்பசி என்றுதான் சொல்வேன். காலை வெயில் உறைக்காது, புழுக்கமும் கம்மி. மத்தியானத்துக்குள் பெரியவற்றில் எல்லாம் ஏறிவிட வேண்டும், மாற்றுத்துணி கட்டாயம் வேண்டும், ஸ்வெட்டர் வேண்டாம். கூட்டத்துக்கு மட்டும் வானத்தைப் பார்க்காதீர்கள், பள்ளிக்கூடக் காலண்டரைப் பாருங்கள்.

திரும்பி வர செங்கல்பட்டில் ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை சிறப்புப் பஸ். காலையில் காலி பஸ்ஸில் வந்த நாங்கள், இப்போது திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனோம். பக்கத்தில் நின்ற தாம்பரத்து இளைஞர் ஒருவர் எங்களைப் பார்த்து முதல் தடவையா என்று கேட்டார். பாஸ்கர் ஆமாம் என்று சொல்லிவைத்தார். அந்தப் பிள்ளை பொறுப்பாக விளக்கினார். செருப்பை எங்கே விடலாம், எந்தப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பிக்கலாம், அடி அண்ணாமலையில் டீ நன்றாக இருக்கும். "ரூம் மட்டும் நம்பாதீங்க சார். பௌர்ணமிக்கு ஒருத்தனும் குடுக்க மாட்டான்." பாஸ்கர் அப்படியா என்று கேட்டுக்கொண்டார். பவித்ரா ஸீட்டுக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பௌர்ணமியன்று பஸ்களை ஊருக்குள் விட மாட்டார்கள். வெளியே மைதானத்தில் தற்காலிக பஸ் நிலையம் போட்டிருப்பார்கள். அங்கே இறக்கிவிடப்பட்டு, எட்டரை மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ஊருக்குள் நடந்தோம். மேகம் கலைந்து மலைக்கு மேலே நிலா ஏறியிருந்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமியை இந்த ஊரில் பார்க்கிறோம் என்று பெயர். பார்ப்பதெல்லாம் கவுன்டருக்குப் பின்னாலிருந்து, வருகிற முகங்களையும் வாங்குகிற ஆதார் அட்டைகளையும்தான். இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் வந்து இறங்கி, கால் வலிக்க நடந்து எங்கள் வாசலுக்கு வருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உடம்பால் தெரிந்தது. அப்படி வருகிறவர்களை இனிமேல் கொஞ்சம் சீக்கிரமாக உட்காரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்திராக்காவும் குடியாத்தம் அக்காவும் இன்னும் மலை சுற்றி முடிக்கவில்லை. பாஸ்கர் கேட்டைத் திறந்தார், இந்தத் தடவை எளிதாக வந்தது. பின் தெருவுக்குப் போய் குடியாத்தம் அக்காவின் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கீழறை ஒன்றில் படுக்க வைத்தார். சங்கிலியை மட்டும் மறுபடி போட்டுவைத்தார், லாட்ஜ் லீவுதான் என்று தெரிவதற்காக. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பாதம் சிவக்க வந்து சேர்ந்தார்கள். இந்திராக்கா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

குடியாத்தம் அக்கா கையில் டீயோடு கவுன்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மாறின எண்ணைச் சொல்லிவிட்டு, வழக்கம் போல வரும் பௌர்ணமிகளுக்கெல்லாம் இந்தக் கீழறையையே தனக்கு வைக்கச் சொன்னார். அடுத்த வருஷம் முழுக்க என்றார். பவித்ரா மாடிப்படியில் உட்கார்ந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாஸ்கர் பேனாவை எடுத்தார். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"எல்லா மாசமும் வச்சிடறேங்க்கா. ஐப்பசி மட்டும் வேணாம். அன்னிக்கு நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்."